மறுநாள் கச்சேரி

கணவரின் கழுத்துத் துளையிலிருந்து உள்குழாயை உருவி அவள் வெந்நீர்க் கிண்ணத்தில் போட்ட நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. கட்டிலில் கிடந்தவருக்கு உடம்பில் வேறு எதுவும் அசையவில்லை, கண் மட்டும் வாசல் பக்கம் ஓடியது.

“வந்துட்டாங்க உங்க ஆளுங்க. கொஞ்சம் பொறுங்க. இதை இப்படித் திறந்து போட்டுட்டுப் போய்க் கதவைத் திறக்க முடியுமா?”

குழாயைப் பிரஷ்ஷால் தேய்த்தாள், உதறினாள், துடைத்தாள், மறுபடியும் துளைக்குள் செருகினாள். சளி உறிஞ்சும் மெஷினைத் தலைமாட்டு ஸ்டூலில் தள்ளி வைத்தாள். மணி திரும்பவும் அடித்தது. அவர் ஸ்பூனால் கட்டில் கம்பியில் தட்டினார்.

“கேக்குது, கேக்குது. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு.”

அந்த ஸ்பூன்தான் இப்போது அவருக்கு வாய். குரல்வளையை எடுத்த பிறகு மருத்துவமனையில் ஒரு சிலேட்டு கொடுத்தார்கள். விரலில் வலு போனதும் அது பரண் ஏறியது. பிறகு அவளே ஓர் ஏற்பாடு செய்தாள். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு தட்டு என்றால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். விடாமல் தட்டினால் குழாயில் சளி அடைத்திருக்கிறது, ஓடி வர வேண்டும். அடைத்தால் எவ்வளவு நேரம் தாங்குவார் என்று நர்ஸிடம் கேட்டபோது, “அதெல்லாம் பாத்துக்கிட்டு நிக்கக் கூடாதும்மா, உடனே எடுத்துடணும்” என்றாள் நர்ஸ். வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் அவள் ஓடித்தான் வந்தாள். இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூடத் தவறவில்லை. புருஷனைப் பார்த்துக்கொண்டால் இப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார்கள்.

கதவைத் திறந்தாள். மருந்துக்கடைக்காரர், வேன்காரர், பல் டாக்டர். மூன்று பேரும் செருப்பைக் கழற்றும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், ஏதோ உள்ளே ஏற்கனவே முடிந்துவிட்ட மாதிரி.

மருந்துக்கடைக்காரர்தான் இந்தக் கூட்டத்துக்குத் தலைவர். யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை, அவரும் இறங்குவதாக இல்லை. வேன்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வாரம் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலில் அடங்கிக் கிடந்த வாய் ஞாயிற்றுக்கிழமை திறந்தால் மூடாது. பல் டாக்டர் சின்னப் பெண். அவள் பிறப்பதற்கு முன்பே இவர்கள் கூடிக் கொண்டாடும் பாடகி மேடையை விட்டு இறங்கிவிட்டாள். நேரில் கேட்காத குறையோ என்னவோ, பைத்தியம் இவளுக்குத்தான் அதிகம்.

ஆமாம், எல்லோருக்கும் ஒரே பைத்தியம், அந்த ஒரு பாடகி. அந்தம்மா போய்ச் சேர்ந்தும் வருஷக்கணக்காகிறது. இவர்கள் விடவில்லை. ஞாயிறு பிற்பகல் இந்த முன்னறையில் கூடுவார்கள். ஆளுக்கொரு முறை உண்டு. தன் முறை வந்தவர் பிடித்த பாட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும், கச்சேரி ஞாபகம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்கிறவரை யாரும் குறுக்கிடக் கூடாது. அதே ஆள் அதே கதையை அதே இடத்தில் மூச்சு வாங்கிச் சொன்னாலும், புதிதாகக் கேட்பது போல வாய் பிளந்து கேட்பார்கள். இந்தப் பொறுமையில் கால்வாசியைத் தங்கள் வீட்டில் காட்டியிருந்தால் இவர்கள் பெண்டாட்டிகள் இவர்களைக் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பார்கள் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

இந்தக் கூட்டத்தில் அவருக்கு ஒரு பேர் இருந்தது. ‘குரல்.’

பாடகியின் கச்சேரி டேப்புகளில் எல்லோர் வீட்டிலும் தேய்ந்து போன ஒன்று உண்டு. அதில் படகுப் பாட்டு முடிந்ததும், கைதட்டல் எழுவதற்கு முன்னால் ஒரு நொடி அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த நொடியில் கூட்டத்துக்குள்ளிருந்து ஓர் இளைஞனின் குரல், “இன்னொரு தடவை!” என்று கத்தும். பாடகி சிரித்துவிடுவாள். சிரித்துவிட்டு, பாட்டை முதலிலிருந்து பாடுவாள். முதல் தடவையைவிட இரண்டாவது தடவைதான் உசத்தி என்பது ரசிகர்களின் தீர்ப்பு. அந்தக் கத்தலைத் தெரியாத ரசிகன் கிடையாது. ஒருநாள் இதே முன்னறையில் டேப் ஓடிக்கொண்டிருந்தபோது அவர் தலையைக் குனிந்துகொண்டு, “அது நான்தான்” என்றார்.

அன்றிலிருந்து அவர் வேறு மனிதர். வேலை என்னவோ வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எழுதுவதுதான். நாயைக் கட்டாமல் கதவைத் திறந்துவிட்ட புண்ணியவான்கள் எல்லாம் உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூரிலிருந்து ஆட்கள் அவரைப் பார்க்க வந்தார்கள். “ஒரே ஒரு தடவை கத்திக் காட்டுங்களேன்” என்று கேட்டார்கள். கத்திக் காட்டினார். நாற்பது வயதில் கத்தினார், ஐம்பது வயதில் கத்தினார். தொண்டையில் கட்டி வந்தபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, ரொம்பக் கத்துவீர்களோ என்பதுதான்.

அவள் அந்தக் கத்தலை ஒரு தடவைகூட முழுதாகக் கேட்டதில்லை. முன்னறையை ஒட்டிய உள்ளறையில் அவளுடைய தையல் மெஷின். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பது தொழில். படகுப் பாட்டு முடியப் போகிறது என்று தெரிந்ததும், தைத்துக்கொண்டிருப்பதை எடுத்துவிட்டு ஒரு வெட்டுத் துணியை ஊசிக்கடியில் தள்ளி, கால் கடுக்க மெஷினை மிதிப்பாள். கடகடவென்று அந்தச் சத்தம் வீட்டை நிறைக்கும். அண்ணிக்கு எப்பவும் வேலைதான் என்று முன்னறையில் சொல்லிக்கொள்வார்கள். அவர் அப்படி நினைக்கவில்லை. ஏன் மிதிக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அடுத்த ஞாயிறு அதே டேப்பைப் போடுவார்.

அவளுக்கு வலி கண்ட அன்று பிற்பகல் அவளை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, “முதல் பிரசவம், எப்படியும் விடிஞ்சிடும்னு நர்ஸே சொல்லுது. கச்சேரி முடிஞ்ச கையோட ஓடி வந்துடறேன்” என்று போனவர் அவர். இரவு பெரிய மழை பெய்தது. பெண் குழந்தை பிறந்தது. ஒரு தடவை அழுதது, பிறகு அழவில்லை. அவர் விடிந்த பிறகுதான் வந்தார். சட்டையெல்லாம் ஈரமாக வாசலில் நின்று, “கச்சேரி முடியவே நேரமாயிடுச்சு” என்றார். அதற்கப்புறம் அவள் வயிறு திறக்கவே இல்லை.

பாடகி இந்த ஊருக்கு வந்தது அந்த ஒரு தடவைதான். சில வருஷம் கழித்து டேப் வந்தது, ‘அது நான்தான்’ வந்தது. அவள் இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். குழந்தை மூச்சுக்குத் திணறிய நேரத்தில் இந்த மனுஷன் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று குதூகலமாகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறார். ஒருநாள் சோறு போடும்போது கேட்டும் விட்டாள். “நீங்க கத்தினப்போ மணி என்ன இருக்கும்?” அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அந்த வருஷங்களிலெல்லாம் அவளுக்கு அவர் மேல் இருந்த வெறுப்பை அளந்து சொல்ல முடியாது.

ஆனாலும் பிரிந்து போகவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது, ஒரே ஒரு காரணம். குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த அன்று சாயந்திரம் அவர் அவள் கட்டிலை விட்டு நகரவே இல்லை. வரும்போதே கடையில் வாங்கி வந்த பன்னைப் பாலில் நனைத்து நனைத்து ஊட்டினார். அவள் துப்பியதைக் கையில் ஏந்திக்கொண்டார். விடிய விடிய அவள் காலைப் பிடித்தபடி அழுதார். கல்யாணம் ஆனதிலிருந்து இன்றுவரை அவர் முழுக்க அவளுக்கே என்று இருந்த சாயந்திரம் அது ஒன்றுதான். கத்தல் நெஞ்சை அறுக்கும்போதெல்லாம் அவள் அந்தப் பன்னை நினைத்துக்கொள்வாள். அப்படித்தான் காலம் ஓடியது.

“எப்படி இருக்கே குரலு?” என்று மருந்துக்கடைக்காரர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டார். “ஆளு தேறின மாதிரி தெரியுதே!”

தேறின மாதிரி எங்கே தெரிந்தது என்று அவருக்கே வெளிச்சம். அவள் காப்பி வைத்துக் கொடுத்துவிட்டு உள்ளறைக்குப் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். காலையில் கொடுக்க வேண்டிய சட்டைகள் கை பொருத்தாமல் கிடந்தன. கதவு திறந்தே இருந்தது, ஸ்பூன் சத்தம் கேட்க வேண்டுமே.

பல் டாக்டர் ஒரு பையிலிருந்து கண்ணாடிச் சட்டம் போட்ட படம் ஒன்றை எடுத்து, அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். அலை அலையாகக் கோடுகள், நடுவில் ஒரு பெரிய மேடு.

“அங்கிள், இது என்ன தெரியுதா? உங்க கத்தல்தான். கம்ப்யூட்டர்ல போட்டா சத்தம் இப்படித்தான் கோடா வரும். கீழ உங்க பேரும் போட்டிருக்கேன், ‘குரல்’னு.”

அவர் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. படத்தைச் சுவரில் அவர் பார்வை படும் இடத்தில் சாய்த்து வைத்தார்கள்.

“இன்னொண்ணும் இருக்கு,” என்றாள் பல் டாக்டர். அதைச் சொல்லும்போதே அவளுக்கு மூச்சு வாங்கியது. “அன்னிக்கு மைக்செட் போட்டவர் வீட்டைத் தேடிப் பிடிச்சுட்டேன். அவங்க மருமகள்கிட்ட அசல் டேப்பே இருந்துச்சு. நம்ம எல்லார்கிட்டயும் இருக்கிறது பாட்டுலதானே ஆரம்பிக்கும்? இதுல அதுக்கு முன்னாடி உள்ளதும் இருக்காம். முதல் தடவையா அங்கிள்தான் கேக்கணும்னு நான்கூட இன்னும் கேக்கலை.”

ஸ்பூன் ஒரு தடவை தட்டியது. அவள் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். அவர் குடிக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தார். “குடிக்கலைன்னா எதுக்குத் தட்டறீங்க?” என்று வாயைத் துடைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

ஸ்பீக்கரில் டேப் ஓடத் தொடங்கியது. நாற்காலிகள் இழுபடும் சத்தம். யாரோ மைக்கை ஊதிப் பார்த்தார்கள். தபேலாவைச் சுதி சேர்த்தார்கள். பிறகு நிகழ்ச்சியைத் தொகுத்தவரின் குரல் கணீரென்று வந்தது.

“நேற்று ஆரம்பித்த அரை மணி நேரத்திலேயே மழையால் நின்று போன நிகழ்ச்சி இது. நனைந்துகொண்டே வீடு திரும்பிய நீங்கள் இன்று மீண்டும் இவ்வளவு பேர் திரண்டு வந்திருப்பதற்கு…”

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் ஏறவில்லை. மறுபடியும் நுனியை எச்சில்படுத்திக் கோத்துப் பார்த்தாள்.

“நிறுத்தும்மா, நிறுத்தும்மா,” என்று வேன்காரர் துள்ளினார். “இப்ப என் முறை. நான் சொல்லியே ஆகணும், அண்ணன் இதை ஒரு நாளும் சொல்ல விட்டதே இல்லை. அந்த மழை இருக்கே! டாக்டரம்மா, நீ அதைப் பாக்கலை. ரெண்டாவது பாட்டு பாதியில வானம் பொத்துக்கிச்சு. பந்தலே சரிஞ்சிடுச்சு. எல்லாரும் ஓடிட்டாங்க. நாங்க ஒரு பத்துப் பேர் மட்டும் எதிர்த்தாப்ல ஒரு கடை ஷட்டருக்குக் கீழ ஒதுங்கி நின்னோம், மழை விட்டா திரும்பப் பாடுவாங்கன்னு. ஒருத்தனை ஒருத்தனுக்குத் தெரியாது. நானு, இவரு, நம்ம அண்ணன், எல்லாம் அங்கதான் முதல் தடவையா பாத்துக்கிட்டோம்.”

கட்டில் கம்பியில் ஸ்பூன் தட்டியது. ஒன்று, இரண்டு. அவள் எழுந்திருக்கவில்லை.

“சும்மா நிக்கறதுக்கு ஆளுக்கொரு பாட்டுச் சொல்லுவோம்னு ஆரம்பிச்சது. உனக்கு எது பிடிக்கும், எனக்கு எது பிடிக்கும்னு. ஆஹா, விடிய விடிய! இந்த முறை, குறுக்க பேசக் கூடாதுங்கிறது, எல்லாம் அன்னிக்கு அங்க வச்சதுதான். அண்ணன்தான் ஏதோ ஒரு வேலை இருக்கு, கிளம்பறேன் கிளம்பறேன்னு ரெண்டு மூணு தடவை எழுந்தாரு. நாங்க விடுவோமா? இன்னொரு பாட்டு சொல்லிட்டுப் போய்யான்னு கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சோம். அவரும் சிரிச்சுக்கிட்டே உக்காந்துட்டாரு. என் ஆயுசுலயே நான் அவ்வளவு சந்தோஷமா இருந்த ராத்திரி வேற கிடையாது. என்னண்ணே, ஞாபகம் இருக்கா? மறுநாள் கச்சேரிக்கு எங்க ரெண்டு பேருக்கும் வேலை, வர முடியலை. அண்ணனுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை. போனாரு, கத்தினாரு, பேரு வாங்கிட்டாரு!”

மறுநாள்.

அவள் கையிலிருந்த நூலை மடியில் போட்டாள். முதலில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிறகு வரிசையாக வந்தது. அரை மணி நேரத்தில் கச்சேரி நின்றிருக்கிறது. மருத்துவமனை இரண்டு தெரு தள்ளி. அவர் கச்சேரியில் இல்லை. ஒரு ஷட்டருக்குக் கீழே நின்று, எனக்கு இந்தப் பாட்டுப் பிடிக்கும், உனக்கு என்ன பிடிக்கும் என்று முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டுக்கொண்டு, விடியும்வரை சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறார். கத்தல் மறுநாள் கத்தல். மறுநாள் சாயந்திரம், குழந்தையைப் புதைத்துவிட்டு வந்து, அவர் பன்னும் பாலுமாக அவள் கட்டிலருகே இருந்தார். ஆக அந்தக் கத்தல் அவருடையதே இல்லை.

இத்தனை வருஷம் காலால் மிதித்து மிதித்து அவள் அமுக்கிய கத்தல் யாரோ ஒரு அந்நியனுடையது. அது நான் இல்லை என்று ஒரு வார்த்தை இந்த மனுஷன் சொல்லியிருந்தால் போதும், அவள் நெஞ்சிலிருந்து அந்த முள்ளைப் பிடுங்கியிருக்கலாம். சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் அது ஒருநாள் முன்னறைக்கும் போய்விடும், குரல் என்ற பேர் போய்விடும். பெண்டாட்டி என்ன நினைத்தாலும் பரவாயில்லை, வேன்காரன் நினைப்பது முக்கியம் என்று இருந்துவிட்டார்.

முன்னறையில் டேப்பை மறுபடி ஓட விட்டார்கள். மருந்துக்கடைக்காரர் தன் முறைக்கு ஜன்னல் பாட்டைப் பற்றி ஏதோ சொன்னார். பிறகு பாட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. படகுப் பாட்டு வந்தது, முடிந்தது. அவள் மிதிக்கவில்லை.

“இன்னொரு தடவை!”

கீச்சுக்குரல். பதினெட்டு வயசுகூட இருக்காது. யார் பெற்ற பிள்ளையோ. பாடகி சிரித்தது நன்றாக இருந்தது.

மெஷின் சத்தம் வராதது முன்னறைக்கு விநோதமாக இருந்திருக்க வேண்டும். பல் டாக்டர் எட்டிப் பார்த்தாள். “ஆன்ட்டி, இன்னிக்கு வேலை இல்லையா? வாங்க, எங்ககூட வந்து உக்காருங்க. உங்க முறையும் ஒண்ணு இருக்கட்டும். இத்தனை வருஷத்துல உங்களை யாரும் கேட்டதே இல்லையாமே! அங்கிளுக்கும் சந்தோஷமா இருக்கும்.”

அவள் போய்க் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்த்தார். அந்தக் கண்ணை அவளுக்குத் தெரியும். குழாயில் அடைத்துக்கொள்ளும்போது இப்படித்தான் பார்ப்பார். ஆனால் குழாயில் இப்போது ஒன்றும் இல்லை. அவர் கெஞ்சுவது அவளுக்கு நன்றாகவே புரிந்தது. ‘ஆமா, மறுநாள் போனார்’ என்று ஒரு வார்த்தை. இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் ஒரு சிரிப்பு. நாளையோ நாளை மறுநாளோ குரலாகவே போய்ச் சேர்ந்துவிடுவார்.

ஆனால் மறுநாள் போனார் என்று சொன்னால், பன் ஊட்டியது யார்?

“எனக்குப் பாட்டெல்லாம் தெரியாதும்மா,” என்றாள். “கச்சேரி ஞாபகம் ஒண்ணு இருக்கு. சொல்லலாமா?”

“சொல்லுங்க அண்ணி!” வேன்காரர் நாற்காலியை முன்னால் நகர்த்தினார்.

“அந்த மழை பெய்ஞ்ச ராத்திரி நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். பிரசவத்துக்கு. நீங்க நின்னீங்களே ஷட்டர், அங்கேர்ந்து ரெண்டு தெரு. இவருக்கு இருந்த வேலை அதுதான்.”

வேன்காரர் வாயைத் திறந்தார். குறுக்கே பேசக் கூடாது என்பது ஞாபகம் வந்தோ என்னவோ மூடிக்கொண்டார்.

“குழந்தை தங்கலை. மறுநாள் காலையில கொண்டுபோய்ப் புதைச்சாங்க. சாயந்திரம் நீங்க சொல்ற அந்தக் கச்சேரி நடந்தப்போ இவர் என் கட்டில்கிட்ட உக்காந்திருந்தார். பன்னைப் பால்ல நனைச்சு ஊட்டிவிட்டார். விடியற வரைக்கும் எங்கயும் எழுந்து போகலை. என் காலைப் பிடிச்சுக்கிட்டே இருந்தார்.” அவள் போர்வைக்கு மேலாக அவர் காலைத் தொட்டாள். “எனக்குப் பிடிச்ச ஞாபகம் அது ஒண்ணுதான்.”

சொல்லி முடித்துவிட்டாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர்களால் நம்பாமல் இருந்திருக்க முடியும்.

ஸ்பூன் தட்டவில்லை. ஸ்பீக்கரில் பாடகி அடுத்த பாட்டுக்குப் போயிருந்தாள். பல் டாக்டர் கையை நீட்டி அதை அணைத்தாள்.

“அப்போ…” மருந்துக்கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். “அந்தக் கத்தல்?”

“யாரோ,” என்றாள் அவள்.

“ஏன்யா,” என்று மருந்துக்கடைக்காரர் கட்டிலைப் பார்த்தார். ‘குரலு’ என்று கூப்பிட வந்த வாய் பாதியில் நின்றது. “எத்தனை ஊர்க்காரங்களை உன்கிட்டக் கூட்டிட்டு வந்தேன்? எத்தனை பேர்கிட்ட என் வாயால சொன்னேன்? எனக்குச் சொல்லியிருக்கலாமேய்யா.” இறந்த குழந்தையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் நெஞ்சில் எது தைத்ததோ அதைத்தானே கேட்பார்.

வேன்காரர் அழுதுகொண்டிருந்தார். “அண்ணி, சத்தியமா எங்களுக்குத் தெரியாது. சொல்லவே இல்லை அண்ணி. சொல்லியிருந்தா நாங்களே தூக்கிட்டு வந்து விட்டிருப்போம்.”

“தெரியும்ப்பா. காப்பி ஆறிடுச்சே, சுட வச்சுக் குடுக்கவா?”

யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. கிளம்பினார்கள். மருந்துக்கடைக்காரர் வாசல்வரை போனவர் திரும்பி வந்து, சுவரில் சாய்த்திருந்த படத்தை எடுத்தார். “இது இனிமே இங்க எதுக்கு,” என்று பல் டாக்டரின் பைக்குள் செருகினார். அந்தப் பெண் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள், ஆனால் பையைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. கட்டிலில் கிடந்தவர் அந்தப் படம் பைக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். வேன்காரர் மட்டும் அவர் பாதத்தைத் தொட்டுவிட்டுப் போனார். யாரும் போய் வருகிறோம் என்று சொல்லவில்லை.

அவள் கதவைச் சாத்தினாள். டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். வெயில் இன்னும் இருந்தது. முன்னறை வழியாக அவரைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளறைக்குப் போய், மெஷினில் உட்கார்ந்து சட்டைக்குக் கை பொருத்தத் தொடங்கினாள்.

ஒரு தட்டு கேட்டது. அவள் தைத்தாள். இரண்டு தட்டு கேட்டது. கூப்பிடுகிறார், தண்ணீருக்கும் இல்லை, புரள்வதற்கும் இல்லை. வா, வந்து என்னைப் பார் என்கிறார். எதற்குப் பார்க்க வேண்டும்? மன்னிப்புக் கேட்பார் கண்ணால். கண்ணால் கேட்பது சுலபம். வாய் இருந்தபோது கேட்டிருக்க வேண்டும்.

பிறகு விடாமல் தட்டத் தொடங்கினார்.

அவளுக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று பின்னால் அவள் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கால் ஒரு கணம் நின்றது. இடுப்பு எழுந்திருக்கப் பார்த்தது, பழக்கம் அப்படி. இந்தக் கையை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். இன்னொரு கைதானே. மிதித்தாள். கடகடவென்று சத்தம் எழுந்து கம்பிச் சத்தத்தை மூடியது. கை முடிந்தது. நூலை வெட்டாமல், இழுப்பறையிலிருந்து பழைய வெட்டுத் துணியை எடுத்து ஊசிக்கடியில் தள்ளினாள். வருஷக்கணக்கான ஞாயிறுகளின் தையல் அதன் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தது. அதன் மேலேயே மிதித்தாள். முழங்கால் வலிக்கும்வரை மிதித்தாள்.

நிறுத்தியபோது தெருவில் ஒரு ஸ்கூட்டர் போவது கேட்டது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. வேறு சத்தம் இல்லை. அவள் சட்டையை மடித்தாள். மற்றதையும் எடுத்து மடித்தாள். பிறகு எழுந்து போனாள்.

முகம் உள்ளறைப் பக்கம் திரும்பியிருந்தது. ஸ்பூன் இன்னும் கைக்குள் இருந்தது. அவள் சளி மெஷினைப் போட்டு, குழாயை விட்டு, நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடியே சளியைச் சுத்தமாக எடுத்தாள். உள்குழாயைக் கழற்றிக் கழுவித் துடைத்து மாட்டினாள். கண்களை மூடிவிட்டாள். அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஸ்பூனை எடுத்து, கழுவி, சமையலறையில் மற்ற ஸ்பூன்களோடு போட்டுவிட்டு, அதன்பிறகே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.

மறுநாள் முன்னறையில் கட்டிலை எடுத்துவிட்டு அவரைக் கிடத்தியிருந்தார்கள். ஆட்கள் வந்தார்கள், அவ்வளவாக வரவில்லை. அதற்குள் செய்தி போயிருந்தது. வாசலில் நின்ற இரண்டு ரசிகர்கள் அடித்தொண்டையில் பேசிக்கொண்டார்கள்.

“அப்ப யாருய்யா அது?”

“எங்க சித்தப்பா அந்த மறுநாள் கச்சேரிக்குப் போயிருக்கார். அவரோட குரல் மாதிரியே இருக்குன்னு எனக்கு எப்பவும் ஒரு சந்தேகம்.”

மருந்துக்கடைக்காரர் ஒரு மாலையைப் போட்டுவிட்டு வாட்ச்சைப் பார்த்தார். வேன்காரர் சுவரோரமாக உட்கார்ந்து தலையைத் தூக்கவே இல்லை. பாட்டு எதுவும் போடவில்லை. போடலாமா என்று யாரும் கேட்கவும் இல்லை.

பல் டாக்டர் வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. “நாங்க போன கொஞ்ச நேரத்துலயே போயிட்டாராமே ஆன்ட்டி. எல்லாம் என்னாலதான். நான் அந்த டேப்பைக் கொண்டு வந்திருக்கவே கூடாது.”

“உன்னால ஒண்ணும் இல்லைம்மா.”

“கடைசியில கஷ்டப்பட்டாரா ஆன்ட்டி?”

“தெரியலைம்மா. நான் தைச்சுக்கிட்டிருந்தேன்.”

அந்தப் பெண் அவளைக் கட்டிக்கொண்டாள். “எவ்வளவு பாத்துக்கிட்டீங்க. வேற யாரும் இப்படிப் பாத்துக்க முடியாது.” அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். ஒருத்தி, “நேத்து காலையிலகூட குழாயைக் கழுவி வெயில்ல வச்சிருந்தா, நான் பாத்தேன்” என்று மூக்கைச் சிந்தினாள்.

வண்டி வர நேரமாகும் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி சமையலறையிலிருந்து காப்பி கொண்டு வந்தாள். “நேத்திலேர்ந்து பச்சைத் தண்ணிகூடப் படலை உங்க வாயில. ஒரு வாய் குடிங்கக்கா. சக்கரை போட்டிருக்கேன், கரையலை போல.” சொல்லிக்கொண்டே டம்ளருக்குள் ஸ்பூனை விட்டுக் கலக்கினாள். ஸ்பூன் டம்ளரில் பட்டுப் பட்டு விடாமல் சத்தம் போட்டது.

அவள் டம்ளரைப் பார்க்கவில்லை. மடியில் கை கோத்து நேராக உட்கார்ந்திருந்தாள். நாற்காலிக்குக் கீழே அவளுடைய வலது கால் மட்டும் தரையை அழுத்தியது, எடுத்தது, மறுபடி அழுத்தியது.